ஹூட் ரிவர் ஊரார் வீடு திருத்திய வரலாறு

புதிய வீடு கட்டுவதைக் காட்டிலும் பழைய வீட்டைத் திருத்துவது கடினம் என்பது கொத்தனாரும் தச்சரும் அறிந்த உண்மை. கட்டும் வீட்டில் ஆள் இல்லை. திருத்தும் வீட்டிலோ குடும்பம் வாழ்ந்துகொண்டிருக்கிறது. ஒரு வீட்டுக்கே நிலைமை இதுவானால், ஒரு வட்டாரத்தின் வீடுகளையெல்லாம் ஒரே காலத்தில், ஒரே திட்டத்தின்கீழ்த் திருத்தி முடிப்பது எத்துணை அரிய செயல்! அச்செயலை அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கிலுள்ள ஓரகன் மாநிலத்தில், ஹூட் ரிவர் என்னும் சிறிய வட்டாரத்தினர் 1983 முதல் 1985 வரை செய்து காட்டினர். அவர்கள் வீடுகளைத் திருத்தியது அழகு கருதியன்று. வீடுகள் வீணாக்கிய மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகவே. அம்முயற்சி எங்ஙனம் தோன்றியது, எவ்வாறு நடைபெற்றது, அதனால் விளைந்தது யாது என்பவற்றை முறையே காண்போம்.

வெப்ப நாட்டில் வாழ்வோர்க்கு வீடு என்பது வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் இடம். சாளரம் திறந்திருக்க வேண்டும். காற்று உள்ளே புகுந்து வெளியேற வேண்டும். அதுவே நல்ல வீட்டின் இலக்கணம். குளிர்நாட்டில் மழைக்காலமும் பனிக்காலமும் வந்துவிட்டால் இந்த இலக்கணம் தலைகீழாகிவிடும். அங்கே வீட்டுக்குள் உண்டாக்கிய வெப்பம் கூரை வழியாகவும், சுவர் வழியாகவும், தரையின் அடியாகவும், ஒற்றைக் கண்ணாடிச் சாளரத்தின் வழியாகவும், கதவிடுக்கு வழியாகவும் இரவும் பகலும் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதுபோல, வெளியேறிய வெப்பத்துக்கு ஈடாக மீண்டும் மீண்டும் வெப்பம் ஊட்ட வேண்டும். அதற்கு விறகு வேண்டும். அல்லது எண்ணெயோ எரிவாயுவோ மின்சாரமோ வேண்டும். குடத்து ஓட்டையை அடைப்பதே வீடு திருத்தப் பணியின் உட்பொருள்.

ஆற்றின் வளமும் அதன் எல்லையும்

ஹூட் ரிவர் வட்டாரம் கொலம்பியா ஆற்றின் தென்கரையில் உள்ளது. தெற்கே ஹூட் மலை பனி மூடி நிற்கிறது. பள்ளத்தாக்கெங்கும் பேரிக்காய், ஆப்பிள் தோட்டங்கள். மழைமிக்க மேற்குப் பகுதியும் வறண்ட கிழக்குப் பகுதியும் சந்திக்கும் இடம் அது. 1980ஆம் ஆண்டளவில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 15,000 பேர்.

கொலம்பியா ஆறு பேராறு. 1930களில் நாடு வேலையின்மையால் வாடியபோது நடுவண் அரசு அவ்வாற்றின் குறுக்கே அணைகளைக் கட்டத் தொடங்கியது. பானவில் அணை, கிராண்டு கூலி அணை என்பன அவற்றுள் பெயர்பெற்றவை. அவற்றில் பிறக்கும் மின்சாரத்தை விற்பதற்கென 1937இல் பானவில் மின்துறை அமைக்கப்பட்டது. அக்காலத்தில் மின்சாரம் மிகுதி, வாங்குவோர் குறைவு. மின்சாரத்தின் பெருமையை மக்களுக்கு எடுத்துரைக்க, உடி கத்ரி என்னும் நாட்டுப்பாடகரை அத்துறை 1941இல் ஒரு மாதம் பணியில் அமர்த்தியது. அவர் அம்மாதத்தில் 26 பாடல்கள் இயற்றினார். மின்சாரத்தைப் பயன்படுத்துக என்று பாட்டாலும் அழைத்த அத்துறையே, நாற்பது ஆண்டு கழித்து, மின்சாரத்தைக் குறைத்துக்கொள்க என்று வீடுதோறும் சென்று பணம் கொடுக்கலாயிற்று. இம்மாற்றத்தின் காரணம் அறிந்தால்தான் ஹூட் ரிவர் வரலாறு விளங்கும்.

நீர்மின்சாரம் மலிவாகக் கிடைத்தமையால் வடமேற்கு மக்கள் வீட்டை வெப்பப்படுத்தவும் மின்சாரத்தையே நாடினர். மலிவான பொருளை எவரும் சிக்கனமாகச் செலவிடுவதில்லை. கூரைக்கு அடியில் தடுப்பு இல்லாமலும், ஒற்றைக் கண்ணாடிச் சாளரங்களுடனும் வீடுகள் பல எழுந்தன. மின்தேவை ஆண்டுதோறும் பெருகியது. இனி அணை கட்ட ஆற்றில் இடமில்லை என்ற நிலை வந்தது. தேவை இவ்வாறே பெருகிக்கொண்டு போகும் என்று கணித்தவர்கள், அருகிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில் ஐந்து அணுமின் நிலையங்களை எழுப்பத் தொடங்கினர்.

அக்கணிப்பு பொய்த்தது. கட்டுமானச் செலவு பல மடங்கு பெருகியது, மின்கட்டணம் ஏறியது, ஏறவே மக்கள் மின்சாரம் பயன்படுத்துவதைக் குறைத்தனர். 1982 ஜனவரியில் ஐந்தனுள் இரண்டு நிலையங்கள் கைவிடப்பட்டன. அவற்றுக்காக வாங்கிய 225 கோடி டாலர் கடன்பத்திரங்களுக்குப் பணம் தர இயலாது என்று 1983 ஜூலையில் அவற்றைக் கட்டிய நிறுவனம் கைவிரித்தது. அதுவரை அமெரிக்க ஊராட்சிக் கடன்பத்திர வரலாற்றில் அத்துணைப் பெரிய முறிவு நிகழ்ந்ததில்லை. ஐந்து நிலையங்களுள் இறுதியில் முற்றுப்பெற்றது ஒன்றே.

சேமிப்பும் ஒரு வளமே

இம்முறிவுக்குச் சற்று முன்னரே, 1980 டிசம்பரில், அமெரிக்கப் பேரவை வடமேற்குப் பகுதிக்கெனத் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அச்சட்டத்தின் கருத்து அக்காலத்துக்குப் புதுமையானது. புதிதாக மின்சாரம் வேண்டும்போது முதலில் நாட வேண்டியது சேமிப்பு. அடுத்தது காற்று, கதிரவன் போன்ற வற்றாத வளங்கள். ஏனையவை அவற்றுக்குப் பின்னரே. ஒரு வீடு மிச்சப்படுத்தும் மின்சாரத்தை வேறொரு வீட்டுக்குக் கொடுக்கலாம் ஆதலின், சேமிப்பும் ஒரு மின்நிலையத்துக்கு ஒப்பானது என்பதே அதன் அடிப்படை.

கொள்கை நன்று. ஆயினும் மின்துறையில் பழகியவர்களுக்கு ஐயம் தீரவில்லை. அணை கட்டினால் இத்துணை மின்சாரம் வரும் என்று அளந்து சொல்லலாம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தத்தம் வீட்டைத் திருத்திக்கொள்ளும் என்று யார் உறுதி கூறுவது? அதற்குமுன் நாடெங்கும் நடைபெற்ற திட்டங்கள் இவ்வையத்தை வலுப்படுத்தின. வீட்டைச் சோதித்துக் குறை கூறும் ஏற்பாட்டை மின்நிறுவனங்கள் செய்திருந்தும், அதனை நாடி வந்தோர் மிகச் சிலர். வந்தவர்களும் பெரும்பாலும் சொந்த வீடும் ஓரளவு செல்வமும் உடையவர்களே. வாடகைக்குக் குடியிருப்போர் வரவில்லை. வீட்டைத் திருத்தும் செலவு உடையவரைச் சாரும். மின்கட்டணம் குடியிருப்பவரைச் சாரும். செலவு ஒருவருக்கும் பயன் மற்றொருவருக்கும் ஆனால் பணி எவ்வாறு நடக்கும்?

இந்நிலையில் இயற்கை வளப் பாதுகாப்பு மன்றம் என்னும் பொதுநல அமைப்பு ஒரு யோசனை கூறியது. நாடெங்கும் சிதறலாக முயல்வதை விடுத்து, ஒரே வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள வீடு ஒவ்வொன்றையும் அடைய முயல்வோம்; எல்லை எதுவரை என்பதைச் செய்தே அறிவோம் என்பது அந்த யோசனை. பானவில் மின்துறை அதனை ஏற்று ஏறத்தாழ 2 கோடி டாலர் ஒதுக்கியது. பசிபிக் பவர் அண்ட் லைட் என்னும் மின்நிறுவனம் பணியை நடத்தும் பொறுப்பை ஏற்றது. ஹூட் ரிவர் தேர்ந்தெடுக்கப்பட்டது.

வீடுதோறும் சென்ற பணி

மின்சாரத்தால் வெப்பமூட்டப்படும் வீடுகளே திட்டத்துக்கு உரியவை என்பது விதி. அவ்வாறான வீடுகள் வட்டாரத்தில் ஏறத்தாழ 3,500 இருந்தன. முதலில் சோதனையாளர் வீட்டுக்கு வந்து அளவெடுப்பார். எவ்விடத்தில் எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்று கணக்கிட்டுச் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடுவார். பின்னர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வருவார்கள். கூரையின் உட்புறத்திலும் சுவரின் உள்ளிடத்திலும் தரையின் அடியிலும் வெப்பத்தடுப்புப் பொருள் நிரப்பப்படும். ஒற்றைக் கண்ணாடி இருந்த சாளரத்தில் இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடி பொருத்தப்படும். கதவு, சாளரங்களின் இடுக்குகள் அடைக்கப்படும். வெந்நீர்த் தொட்டிக்குப் போர்வை சுற்றப்படும். திட்டம் வகுத்த வரம்புக்குள் இவையனைத்தும் இலவசம். வரம்பும் தாராளமானதாதலின் வீட்டார் தம் கையிலிருந்து கொடுக்க வேண்டியது மிக அரிதாகவே நேர்ந்தது.

விளைவு எவரும் எதிர்பாராதது. தகுதியுடைய வீடுகளுள் நூற்றுக்கு 91 வீடுகள் சோதனைக்கு இசைந்தன. நூற்றுக்கு 85 வீடுகளில், அதாவது ஏறத்தாழ 3,000 வீடுகளில், திருத்தப் பணி நடைபெற்று முடிந்தது. வழக்கமாக இத்தகைய திட்டங்களுக்கு எட்டாத வாடகைக் குடியினரும் வருவாய் குறைந்தோரும் இதில் இடம்பெற்றனர்.

இவ்வெற்றிக்குக் காரணம் யாது? ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எரிக் ஹெர்ஸ்ட் என்னும் அறிஞர் இத்திட்டத்தைப் பல ஆண்டு ஆராய்ந்தார். அவர் எடுத்துரைத்த காரணங்கள் நான்கு. பணி இலவசமாகச் செய்யப்பட்டது முதலாவது. ஒரு வீட்டையும் விட்டுவிடுவதில்லை என்று பணியாளர் கொண்ட உறுதி இரண்டாவது. ஊராரையும் ஊர் அமைப்புகளையும் துணைக்கொண்டு நடத்திய முறை மூன்றாவது. ஒருவர் சொல்லி மற்றொருவர் கேட்ட வாய்மொழிச் செய்தி நான்காவது.

இவற்றுள் முதற்காரணத்தை மட்டும் கண்டு, இலவசம் என்றால் யார்தான் வரமாட்டார் என்று சொல்லிவிடலாகாது. இலவசமாகக் கொடுத்த பிற திட்டங்கள் இவ்வளவு பேரை ஈர்த்ததில்லை. அறியாத ஒருவர் வந்து உம் வீட்டுச் சுவரைத் துளைக்கிறேன், பணம் வேண்டா என்றால் வீட்டாருக்கு நம்பிக்கையினும் ஐயமே மிகும். அடுத்த வீட்டில் பணி முடிந்து, அவ்வீட்டார் இவ்வாண்டுக் குளிர் எங்களை வாட்டவில்லை என்று வேலியோரம் நின்று சொன்னால் ஐயம் அகலும். சிதறிக் கிடக்கும் வீடுகளைத் திருத்தினால் இப்பயன் இல்லை. ஒரு தெருவைச் சேரத் திருத்தும்போதே ஒரு வீடு மற்றொரு வீட்டுக்குச் சான்றாகிறது.

இரண்டாவது காரணமும் எண்ணத்தக்கது. பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டில் எழுதுவது எளிது. வராத பிள்ளையின் வீட்டைத் தேடிச் செல்வதுதான் அரிது. முந்தைய திட்டங்கள் வந்தவர்களை எண்ணின. ஹூட் ரிவர் திட்டம் வராதவர்களைத் தேடிச் சென்றது. ஊர் எல்லை வரையறுக்கப்பட்டிருந்தமையால் விடுபட்ட வீடு எது என்பது பணியாளர்க்குத் தெரிந்தே இருந்தது.

அளந்து பார்த்தபோது

ஹூட் ரிவர் திட்டத்தின் பெருமை பணியை முடித்ததோடு நின்றுவிடவில்லை. முடித்த பின்னர் விளைவை அளந்து, அளந்ததை மறைக்காமல் வெளியிட்டனர். முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகளில் தனித்தனி அளவிகள் பொருத்தப்பட்டன. மின்சாரம் மட்டுமன்றி வீட்டின் உள்வெப்பமும் விறகடுப்பின் பயனும் அளக்கப்பட்டன.

அளவு கூறிய செய்தி இது. வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 6,100 கிலோவாட் மணி மிச்சமாகும் என்று சோதனையாளர்கள் கணக்கிட்டிருந்தனர். உண்மையில் மிச்சமானது ஏறத்தாழ 2,600 கிலோவாட் மணியே. கணக்கில் நூற்றுக்கு 43 பங்குதான் கைக்கு வந்தது.

திட்டத்தை ஐயுற்றவர்க்கு இது நல்ல வாய்ப்பு. வேலை ஒழுங்காக நடக்கவில்லை என்று ஒருவர் கூறலாம். வீடு வெதுவெதுப்பானதும் மக்கள் சுகம் கண்டு வெப்பத்தை மேலும் கூட்டிவிட்டனர் என்று மற்றொருவர் கூறலாம். இரண்டாவது கூற்றை அளவிகளே மறுத்தன. திருத்திய பின்னர் வீட்டின் உள்வெப்பம் சிறிதே உயர்ந்திருந்தது. இழப்பு முழுவதையும் விளக்க அது போதாது.

தலையாய காரணம் திருத்தத்துக்கு முந்திய காலத்தில் இருந்தது. மின்கட்டணம் ஏறியபோதே, பொருளாதாரமும் தளர்ந்திருந்தமையால், ஊரார் தம் மின்செலவைச் சுருக்கிவிட்டிருந்தனர். பலர் விறகடுப்புக்குத் திரும்பியிருந்தனர். சோதனையாளரின் கணக்கு, வீடு முழுவதையும் மின்சாரத்தாலேயே போதிய அளவு வெப்பப்படுத்தும் ஒரு குடும்பத்தை எண்ணிப் போட்ட கணக்கு. உண்மையில் அங்கு வாழ்ந்த குடும்பமோ அவ்வளவு மின்சாரம் செலவிடவே இல்லை. செலவிடாத மின்சாரத்தை மிச்சப்படுத்துவது எங்ஙனம்?

இக்கண்டுபிடிப்பின் ஆழம் பின்னரே நன்கு உணரப்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின் என்னும் இருவர் 2012இல் ஜெர்மனி நாட்டின் ஏறத்தாழ 3,400 வீடுகளைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்தனர். ஏட்டுக் கணக்கைவிடச் சராசரியாக நூற்றுக்கு 30 பங்கு குறைவாகவே அவ்வீட்டார் எரிபொருள் செலவிட்டு வந்தனர் என்று கண்டனர். வீடு எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு அவ்விடைவெளியும் மிகுந்திருந்தது. ஓட்டை மிகுந்த வீட்டில் வாழ்வோர் அதனை வெப்பப்படுத்த முயல்வதையே குறைத்துக்கொள்கின்றனர் என்பது இதனால் போதரும்.

இங்கே இரு கேள்விகள் எழுகின்றன. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதே குறிக்கோளானால், ஏற்கெனவே குளிரைப் பொறுத்துக்கொண்டு சிக்கனமாக வாழும் குடும்பத்தின் வீட்டைத் திருத்துவதால் பயன் குறைவு. மிகுதியாகச் செலவிடும் வீட்டைத் திருத்துவதே ஆதாயம். கணக்கு அவ்வாறுதான் சொல்லும். ஆனால் குளிரைப் பொறுத்துக்கொண்டு வாழும் குடும்பமே திருத்தம் மிக வேண்டிய குடும்பம் அன்றோ? ஊர் முழுவதையும் ஒருசேரத் திருத்தும் முறை இம்முரண்பாட்டுக்கு ஒரு வழி காட்டுகிறது. அதில் மிகுதியாகச் செலவிடும் வீடும் உண்டு. செலவிட வழியற்ற வீடும் உண்டு. ஒன்றில் மின்சாரம் மிச்சமாகிறது. மற்றொன்றில் விறகு சுமக்கும் பாடு குறைகிறது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பதுதான் தவறு.

பின்வந்தோர் செய்தவை

ஹூட் ரிவர் காட்டிய நெறியை ஒத்த முயற்சி ஒன்று இங்கிலாந்தில் நடைபெற்றது. யார்க்ஷயர் பகுதியில் ஹடர்ஸ்ஃபீல்டு நகரை உள்ளடக்கிய கெர்க்லீஸ் ஊராட்சி 2007 முதல் 2010 வரை தன் எல்லையிலுள்ள வீடுகளை வட்டம் வட்டமாக எடுத்துக்கொண்டு பணி செய்தது. கூரைக்கடியிலும், இரட்டைச் சுவரின் நடுவிலுள்ள இடைவெளியிலும் இலவசமாக வெப்பத்தடுப்புப் பொருள் நிரப்பப்பட்டது. வருவாய் எவ்வளவு என்று எவரையும் கேட்கவில்லை. ஏழையா என்று ஆராய்ந்து சான்று கேட்டால், மானம் கருதி வராதோர் பலர். ஆராய்வதற்கு ஆகும் செலவும் மிகுதி. அனைவர்க்கும் என்று சொன்னமையால் இவ்விரண்டும் நீங்கின. மூன்றாண்டில் 50,000க்கு மேற்பட்ட வீடுகள் பயன்பெற்றன.

ஆயினும் ஒருசேரச் செய்வதே போதும் என்று கொள்ளலாகாது. அதே இங்கிலாந்தில் பிரஸ்டன் நகரத்து ஃபிஷ்விக் பகுதியில் 2013 அளவில் 300க்கு மேற்பட்ட வீடுகளின் வெளிச்சுவர்களில் தடுப்புப் பலகைகள் பதிக்கப்பட்டன. வேலை செம்மையாக நடைபெறவில்லை. மழைநீர் பலகைக்கும் சுவருக்கும் இடையே புகுந்தது. உட்சுவர்களில் ஈரமும் பூஞ்சணமும் படர்ந்தன. நன்மைக்கென்று செய்த பணி பல குடும்பங்களுக்குத் துன்பமாய் முடிந்தது. தெரு முழுவதும் ஒரே முறையில் செய்யப்படும் வேலையில் ஒரு பிழை நேர்ந்தால் அப்பிழையும் தெரு முழுவதும் பரவும். ஆதலின் வேலையைச் சரிபார்ப்பதும், முடிந்தபின் அளப்பதும் வேலையின் பகுதிகளே என்று கொள்ள வேண்டும்.

வரலாறு உணர்த்துவது

ஹூட் ரிவர் திட்டம் முடிந்து நாற்பது ஆண்டுகளாகின்றன. அங்கு மிச்சமான மின்சாரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 78 இலட்சம் கிலோவாட் மணி என்று கணக்கிடலாம். செலவிட்ட 2 கோடி டாலரோடு ஒப்பிட்டால் இது பெரிதன்று. ஆராய்ச்சிக்கென்றே செலவான பணமும் அதில் அடங்கும். ஆனால் அவ்வட்டாரம் வடமேற்குப் பகுதிக்கு விட்டுச்சென்ற கல்வி பெரிது. சேமிப்பைக் கருதிப் பார்த்து, அளந்து, அளந்ததற்கேற்பத் திட்டத்தைத் திருத்திக்கொள்ளும் வழக்கம் அப்பகுதியில் வேரூன்றியது. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மின்திட்ட மன்றம், நீர்மின்சாரத்துக்கு அடுத்தபடியாக அப்பகுதியின் பெரிய மின்வளம் சேமிப்பே என்று இன்று கணக்கிடுகிறது.

உலகெங்கும் கட்டி முடித்த வீடுகள் கோடிக்கணக்கில் உள்ளன. அவற்றை இடித்துப் புதியன கட்டுதல் இயலாது. இருப்பவற்றைத் திருத்தியே ஆக வேண்டும் என்பதைப் பருவநிலை மாற்றம் பற்றிய கவலை இந்நாளில் வற்புறுத்துகிறது. அப்பணியை மேற்கொள்ளும் எந்நாட்டாரும் ஹூட் ரிவர் வரலாற்றில் மூன்று செய்திகளைக் காணலாம். வீட்டாரை அழைத்துக் காத்திராமல் வீட்டைத் தேடிச் செல்லுதல் ஒன்று. ஒரு வீட்டையும் விடாமல் தெருவாகவும் ஊராகவும் எடுத்துக்கொள்ளுதல் மற்றொன்று. ஏட்டில் உள்ள வீட்டை நம்பாமல், மனிதர் வாழும் வீட்டைச் சென்று அளத்தல் மூன்றாவது.

தேரை ஊர் கூடித்தான் இழுக்க வேண்டும். எவ்வளவு தொலைவு நகர்ந்தது என்று பின்னர் உண்மையாக அளந்து சொல்லவும் வேண்டும். இரண்டையும் செய்தமையால்தான், கணக்கில் பாதிக்கும் குறைவாகவே பயன் தந்த ஒரு திட்டம் இன்றளவும் அறிஞர்களால் எடுத்துக்காட்டப்படுகிறது.